சிவி எழுதித் தருவதாகச் சொல்லி 18,500 ரூபாவை வாங்கிக்கொண்டார்கள்: மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வேலை தேடுகிறவர்கள் கவனம்

இன்று பின்னேரம்தான் அந்த அலுவலகத்தின் படியால் இறங்கி வந்தேன். களுவாஞ்சிகுடிக்கு பஸ் ஏறியவுடனேயே இதை எழுதத் தொடங்கிவிட்டேன். 18,500 ரூபா. ஒரு சதமும் திருப்பித் தர மாட்டார்களாம்.

மட்டக்களப்பு நகரில் மாடியில் ஒரே அறையில் நடக்கும் இடம் அது. சுயவிபரக்கோவை, அதாவது சிவி எழுதித் தருவோம், வேலையும் எடுத்துத் தருவோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்வரை பெயரை எழுத வேண்டாம் என்று மாமா சொல்கிறார். அதனால் எழுதவில்லை.

நான் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவள். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இரண்டரை வருடம் கணக்குப் பார்த்தேன். பெரும்போக அறுவடைக் காலத்தில் வந்து இறங்கும் நெல்லுக்கெல்லாம் நிறைச் சீட்டைப் பார்த்துப் பதிந்து, விவசாயிகளுக்குக் காசோலை எழுதி, மாதம் முடிய ஊழியர் சேமலாப நிதிக்கு சி படிவம் நிரப்புவேன். தொழிலாளியின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம் என்று ஒவ்வொருவருக்கும் நான்தான் கணக்குப் போட்டேன். ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது வேலை போனது. ஏழு மாதமாகிறது.

அந்த மாடிக்குப் போன முதல் நாளை நினைக்கத்தான் இப்போதும் நெஞ்சு எரிகிறது. அந்த இடத்தை நடத்தும் சேர் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். "என்ட அம்மாட ஊரும் அந்தப் பக்கம்தான் தங்கச்சி" என்றார். பிளேன்டீ வந்தது. ஆலையில் என்னென்ன செய்தேன் என்று நாற்பது நிமிடம் கேட்டார். கொப்பியில் எழுதவும் செய்தார். கடைசியில், "இவ்வளவு வேலை செஞ்சிருக்கீங்க, அதை எழுதத்தான் உங்களுக்குத் தெரியல்ல. இனி ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத்தில் என் வேலையைப் பற்றி உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்த இடத்தில்தான் நம்பினேன்.

சிவிக்கு 3,500 ரூபா, காசாகக் கொடுத்தேன். பிறகு என்னுடைய பழைய சிவியைக் கணினியில் ஏற்றினார். சிவப்பு வட்டத்துக்குள் புள்ளி 32 என்று வந்தது. "இதை ஏடிஎஸ் வெளியில தள்ளிரும், ஒரு கொம்பனியும் பார்க்காது" என்றார். ஏடிஎஸ் என்றால் கொம்பனிகள் சிவிகளை வடிகட்டும் மென்பொருள். இன்னும் 15,000 கட்டினால் புள்ளியை 95க்கு மேல் கொண்டுவந்து, விண்ணப்பக் கடிதம், லிங்க்டின் எல்லாம் செய்து, 200 கொம்பனிகளுக்கு அனுப்பி, 30 நாளைக்குள் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட வைப்பாராம். அம்மா மழைக்கு முன் கூரைத் தகடு மாற்றுவதற்கென்று வைத்திருந்த சீட்டுக் காசு அது. "படிச்ச பிள்ளை, பார்த்துச் செய் மனே" என்று சொல்லித்தான் தந்தார். அந்த சேர் கொடுத்த கணக்கு இலக்கத்துக்கு வைப்பிலிட்டேன். அது ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டேன். "வாட்ஸ்அப்பில போடுறன்" என்றார். கட்டைவிரல் படம் ஒன்றுதான் வந்தது.

சிவி வந்தது. இரண்டு பத்தி, நீல நிறம், வட்டத்துக்குள் என் படம். போனில் பார்த்தபோது அழகாக இருந்தது. ஒவ்வொரு வரியாக வாசிக்காமல் விட்டது என் பிழை. நகரில் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்கு நானே அதை அனுப்பி, நேர்முகப் பரீட்சைக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி எஸ்ஏபி மென்பொருளில் மூன்று வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. உறவினரல்லாத இருவர் என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு ஹோட்டல் முகாமையாளரின் பெயர். வேறு யாருக்கோ எழுதியதில் என் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நெல் இல்லை, காசோலை இல்லை, சி படிவம் இல்லை. "கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர்" என்று இருந்தது. "மிஸ், இதை நீங்களா எழுதினீங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். எல்லாம் உண்மை என்று கடைசியில் இருந்த உறுதிமொழிக்குக் கீழே என் கையெழுத்து.

அன்றிலிருந்து அலைச்சல். போன் எடுத்தால் "சேர் மீட்டிங்". நேரில் போனால் "சேர் கொழும்புக்குப் போயிட்டார் அக்கா, திங்கள் வாங்க". திங்கள் போனால் "சிஸ்டம் அப்டேட் ஆகுது, 72 மணித்தியாலம் பொறுங்க". 200 கொம்பனிகளின் பட்டியலைக் கேட்டு நான்கு முறை எழுதினேன். ஒருநாள் இரவு வந்தது. எல்லாம் இணையத்தில் யாரும் எடுக்கக்கூடிய பொது மின்னஞ்சல் முகவரிகள். மூன்று இடத்துக்குப் போன் செய்தேன், மூன்றிலும் வெற்றிடமே இல்லை. இன்று போனபோது அவர் உள்ளேதான் இருந்தார். "சிவி தந்தாச்சுதானே, சேவை முடிஞ்சுது. வேலை கிடைக்காததுக்கு நாங்க என்ன செய்ய?" பிளேன்டீ தந்த அதே வாய். 18,500 ரூபா வாங்கிய அதே ஆள். இறங்கும்போது அந்தக் கதிரையில் இன்னொரு பிள்ளை கோவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன், கதவைச் சாத்திவிட்டார்கள்.

நல்ல சிவி எப்படி எழுதுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அந்த 95 புள்ளியை நம்பாதீர்கள். கொம்பனிக்குக் கொம்பனி மென்பொருள் வேறு, எல்லோருக்கும் பொதுவான புள்ளி என்று ஒன்று இல்லை. கொழும்பில் ஆளணிப் பிரிவில் இருக்கும் மச்சாள் ஒரு சோதனை சொன்னாள்: சிவியில் இருக்கும் எழுத்தை முழுக்கக் கொப்பி பண்ணி வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு எழுத்தும் வரவில்லை, முழுதும் படம். இரண்டு பத்தி, பெட்டி எல்லாம் வைத்தால் சில மென்பொருள் வரிகளைக் கலந்துவிடுமாம். யாரிடம் எழுதக் கொடுத்தாலும் வேர்ட் கோப்பாக வாங்குங்கள், நீங்கள் செய்யாத வேலை ஒரு வரியும் இருக்கக் கூடாது. அடையாள அட்டைப் பிரதி கொடுக்காதீர்கள், நான் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டு வேலை என்று சொல்லிக் காசு கேட்டால் முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. வேறு ஒன்றும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை பொலிஸுக்குப் போகிறேன். என்னிடம் இருப்பது 15,000 ரூபாவுக்கான வங்கிச் சீட்டும் வாட்ஸ்அப் உரையாடலும்தான், 3,500க்கு ஒன்றுமில்லை. இதே மாதிரி ஒரு மாடியில் காசு கட்டியவர்கள் இருந்தால், எவ்வளவு சின்னத் தொகையென்றாலும், சீட்டை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். தனியாகப் போனால் பேசி அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.