காலையா, உச்சியா, பின்னேரமா: காற்றில் போகிற மருந்தின் கணக்கு

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியில் சிறுபோகம் செய்கிற வயலில், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டியான் கண்டால், எந்த நேரம் மருந்தடிப்பது என்ற பேச்சு வரும். பயிரில் பட்டதை மட்டும் பார்க்காமல் காற்றில் போனதையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று நேரமும் மூன்று விதம்.

உச்சிவேளைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆவியான மருந்தைக் காற்றில் சிதைப்பதில் முக்கிய பங்கு ஐதரொட்சில் மூலிகத்துக்கு (ஒரு ஒட்சிசனும் ஒரு ஐதரசனும் சேர்ந்த, எதனோடும் சட்டென்று தாக்கமுறும் துணிக்கை). புறஊதாக் கதிர் ஓசோனை உடைக்கும். அதில் வருகிற ஒட்சிசன் அணு நீராவியோடு சேர்ந்து இந்த மூலிகத்தைத் தரும். வெயில் இருக்கும்வரை இது தாராளம், இருட்டினால் அநேகமாக இல்லை. நன்றாக ஆராயப்பட்ட பூச்சிமருந்தான குளோர்பைரிபோசின் ஆவியில் பாதி, நல்ல வெயிலில் சில மணித்தியாலத்துக்குள் மாறிவிடும்.

எதுவாக மாறுகிறது என்பதில்தான் சிக்கல். பொசுபரசோடு இருந்த கந்தகம் கழன்று, அந்த இடத்தில் ஒட்சிசன் ஏறினால் ஒக்சன். நரம்பு நொதியை முடக்குவதில் அது தாய் மருந்தை விடப் பொல்லாதது. போதாதற்கு, 30 பாகை வெப்பம், 50 வீத ஈரப்பதத்தில் 50 மைக்ரோன் துளி சுமார் 4 செக்கனில் காய்ந்துவிடும். அது அரை மீற்றர் விழவே 6, 7 செக்கன் வேண்டும். பயிரைத் தொடாமலே தூசாகி, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய மருந்து!

பின்னேரம் காற்று அடங்கும். அதுவே பலருக்குப் பிடித்த காரணம். பொழுது பட்டபின் நிலம் குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக மூடி போட்டதுபோல் நிற்கும். நுண்துளியும் இலையிலிருந்து எழும் ஆவியும் மேலே கலைய வழியில்லை. சிதைக்க மூலிகமும் இல்லை. வயலோரத்து வீடுகளுக்கு மோசமான நேரம் இதுதான். விடியற்புறமும் இதே மூடி நிற்கும்.

வெயில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குப் பின், சோழகம் இறுகமுன் அடிப்பதே எங்கள் தெரிவு. இலையிலிருந்து ஆவி அதிகம் எழும் முதல் மணித்தியாலங்கள் பகலிலேயே கழியும். ஒக்சன் அப்போதும் உண்டாகும். ஆனால் காற்று மேலெழுந்து கலப்பதால் ஓரிடத்தில் தேங்காது. நெல் பூக்கும் நாட்களில் மட்டும் இதை மாற்ற வேண்டும்: காலை 9 மணி தொடக்கம் உச்சிவரை பூ விரியும், தேனீ வரும். அப்போது பின்னேரம் 3:30க்குத் தொடங்கி, அந்த மூடி விழமுன் 5 மணிக்குள் முடிக்கலாம்.

களைகொல்லியான கிளைபோசேட்டுக்கு இந்த இரசாயனக் கணக்கு பொருந்தாது. அது ஆவியாவதே அரிது. துளியாகவும் புழுதியாகவுமே பறக்கும், ஆகவே காற்றையும் அந்த மூடியையும் பார்த்தால் போதும். 1998இல் இலங்கை தடைசெய்த பூச்சிமருந்தான எண்டோசல்பான் மறுகோடி: மூலிகம் அதை மெதுவாகவே தொடும், எல்லை தாண்டிப் போகும்.

அறக்கொட்டியான் இருப்பது அடித்தண்டில். நொசிலை அங்கே இறக்கிப் பிடித்து, அழுத்தத்தைக் குறைத்தால் துளி பருக்கும், விழும் தூரமும் குறையும்.