எங்கள் வீட்டுக்கு எது பொருந்தியது: அறைகலன்களைப் பல ஆண்டுகள் புழங்கிய அனுபவம்

சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில், எங்கள் நாலறை பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு வாங்கிக் கட்டித்தரும் அரசாங்க அடுக்குமாடி வீடு) சாவி கிடைத்த காலத்தில், எந்த அலங்கார வடிவமைப்பாளரிடம் பேசினாலும் முதல் கேள்வி "என்ன தீம் வேணும்?" என்பதுதான். ஸ்கேண்டிநேவியன், ஜப்பாண்டி, இண்டஸ்ட்ரியல், பெரனாக்கான் என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். ஒன்றைச் சொல்லிவிட்டால் சோபா முதல் திரைச்சீலை வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எதையும் சொல்லவில்லை. கட்டில், சாப்பாட்டு மேசை, துணி அலமாரி, பழைய வாடகை வீட்டுச் சாமான் கொஞ்சம், இவற்றோடு குடியேறிவிட்டோம். மிச்சத்தை வீட்டில் வாழ்ந்து பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினோம். இன்றைக்கும் அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

பெரும்பாலும் காலியாகக் கிடந்த கூடத்தில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கவனித்ததில்தான் எங்கள் ரசனை பிடிபட்டது. என் கணவரும் பிள்ளைகளும் சோபா இருந்தாலும் தரையில்தான் உட்காருவார்கள், முதுகை மட்டும் சோபாவில் சாய்த்துக்கொண்டு. அத்தைக்கு முழங்கால் வலி. அவருக்குக் கெட்டியான, உயரமான இருக்கை வேண்டும், எழும்போது கை ஊன்றப் பிடி வேண்டும். எனக்குக் கண்ணுக்கு எதிரே மரம் தெரிய வேண்டும், பிளாஸ்டிக் பளபளப்பு ஆகாது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு, கடையில் பார்த்த பாதிப் பொருள்கள் தாமாகவே கழிந்துவிட்டன.

ஸ்கேண்டிநேவியன் பாணி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது வந்த நாடுகளில் குளிர்காலம் நீளம், பகல் குட்டை. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கத்தான் அங்கே வெள்ளைச் சுவரும் வெளிர் மரமும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசவைக்கும். அதனால் சுவருக்கு மண் கலந்த மஞ்சள் நிறம் அடித்தோம், ஜன்னலுக்கு இரண்டடுக்குத் திரை போட்டோம். மரத்தில் அடர்ந்த பழுப்புக்குப் போனோம். அந்தப் பாணியிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: மெலிந்த, உயர்ந்த கால்கள். அடியில் துடைப்பம் தாராளமாகப் போகிறது, கூடமும் பெரிதாகத் தெரிகிறது.

வீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த சாமான் ஓர் ஊஞ்சல் பலகை. தேவகோட்டைப் பக்கம் மாமாவின் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது எங்களுக்கு வந்தது, பர்மாத் தேக்கு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூரையில் ஊஞ்சல் மாட்டுவதை நாங்கள் யோசிக்கவே இல்லை. தச்சர் ஒருவரிடம் கொடுத்து நான்கு கால் போட்டுப் பெஞ்சாக்கினோம். நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டிய பித்தளை வளையம் அப்படியே இருக்கிறது. நடுவில், தலைமுறை தலைமுறையாக ஆள் உட்கார்ந்த இடத்தில், மரம் லேசாகக் குழிந்து வழவழவென்று இருக்கும். பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே பேசுவார்கள். அத்தைக்கென்று சுவரோரமாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்தோம். இத்தனை ஆண்டில் ஒரு வெடிப்பு இல்லை, கரையான் இல்லை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் ஈரமும் பூச்சியும் எளிதில் அண்டுவதில்லை. எப்போதாவது மரத்துக்கான எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பதோடு சரி.

இந்தப் பெஞ்சு வந்த பிறகுதான் மற்றவை எல்லாம் அதைச் சுற்றி அமைந்தன. ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு தலைச்சாமான் கிடைத்துவிட்டால் நிறமும் உயரமும் எடையும் அதிலிருந்தே வந்துவிடும். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தில் பெரிய செட்டிநாட்டு வாசற்கதவு ஒன்று வைத்திருக்கிறார்கள், நெருக்கமான செதுக்கு வேலை. அதன் முன் நின்றபோது, வேலைப்பாடு மிகுந்த பொருள் ஒன்று போதும், அதைச் சுற்றி இடம் விட வேண்டும் என்று பட்டது. பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை.

தாக்குப்பிடிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். வாடகை வீட்டிலிருந்து வந்த செயற்கைத் தோல் சோபா முதலில் போனது. கை வைக்கும் இடத்தில் செதில் செதிலாக உரிந்து, வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துகளாக ஒட்டும். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். துணிமீது பூசிய பாலியூரித்தேன் படலம் ஈரத்தில் சிதைந்துகொண்டே வரும், எவ்வளவு துடைத்தாலும் நிற்காது. கடைக்காரர் "லெதர் மாதிரியே இருக்கும்" என்று சொன்னால், அடியில் என்ன துணி, மேலே என்ன பூச்சு என்று கேளுங்கள். இப்போது இருப்பது துணி சோபா, உறையைக் கழற்றித் துவைக்கலாம். குழம்பு சிந்தினாலும் பதற்றம் கிடையாது.

தொலைக்காட்சி வைக்கும் அலமாரி மரத்தூள் பலகையில் செய்தது. மேல்பகுதி இன்னும் புதிது போலத்தான் இருக்கிறது. தரையைத் தொடும் அடி விளிம்புதான் வீட்டைத் துடைக்கிற தண்ணீரைக் குடித்து ஊதிவிட்டது. அதே வகைப் பலகையில் செய்து, சுவரில் மாட்டிய புத்தக அலமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, மரத்தூள் பலகை வாங்கலாம், தண்ணீர் படாத உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருக்கும் பாதுகாப்பறைச் (போர்போன்ற அவசரக் காலத்தில் ஒதுங்கக் கட்டிய அறை) சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது என்பதையும், அலமாரி மாட்டும் இடத்தைத் தீர்மானிக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரம்பு நாற்காலி விஷயத்தில் வீட்டில் இரண்டு கருத்து. மழைக்காலத்தில், காற்றோட்டமில்லாத மூலையில் பூஞ்சை பிடிக்கும் என்று கணவர் சொல்வார், அது உண்மைதான். நான் ஜன்னலோரத்துக்கு மாற்றினேன், மாதம் ஒருமுறை பழைய பல் தூரிகையால் பின்னலைத் தேய்க்கிறேன். முதுகு வேர்க்காமல் உட்கார இதைவிட நல்ல இருக்கை இந்த ஊரில் இல்லை என்பது என் முடிவு.

தீபாவளிக்கு வீட்டில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். அதற்காகப் பெரிய சோபா வாங்கச் சொன்னவர்கள் உண்டு. ஒரு நாளுக்காக வருடம் முழுவதும் நடக்க இடமில்லாமல் இருக்க முடியுமா? ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முக்காலிகளும், இழுத்தால் நீளும் சாப்பாட்டு மேசையும் வாங்கினோம். பாய் விரித்தால் பிள்ளைகள் எல்லாம் தரையில். இந்த ஏற்பாட்டில் ஒரு வருடமும் குறை வந்ததில்லை.

தேடப் போகிறவர்களுக்கு: ஐக்கியாவில் விலையும் அளவும் தெளிவாக எழுதியிருக்கும், ஒப்பிட வசதி. ஊட்ரம் சாலை டான் பூன் லியாட் கட்டடத்தில் பல கடைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். கெட்டி மரம் பழையதாக வேண்டும் என்றால் கம்போங் அம்பாட்டில் ஹாக் சியோங் கடைக்குப் போய்ப் பாருங்கள். அளவு நாடா கையில் இருக்கட்டும். மின்தூக்கிக் கதவின் அகலம், உள்ளே மூலைக்கு மூலை நீளம், வீட்டு வாசல், மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். சாமான் வரும் முன் அதன் அளவுக்குத் தரையில் காகித ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு மூன்று நாள் சுற்றி நடந்து பாருங்கள். இடித்துக்கொள்ளும் இடம் தெரிந்துவிடும். கடையிலும் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள், எழுந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மகளின் அறை. அவளுக்குத் தேக்கும் வேண்டாம், பழுப்பும் வேண்டாமாம், கறுப்பு இரும்புக் கட்டில்தான் வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன், அடியில் கிட்டார் பெட்டி நுழைய வேண்டும் என்றாள். அளவெடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.