காதர்பேட்டை மெஸ்ஸும் 47 ரூபாயும்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் பண்டல் ஏற்றுகிற டெம்போக்களுக்கு நடுவில் ஒடுங்கிப் போனால் ஒரு சந்து, அதற்குள் போர்டுகூட இல்லாத மெஸ். அரிசிம்பருப்பு சாதம் 50 ரூபாய். மேலே ஒரு ஸ்பூன் நெய், ஓரத்தில் அப்பளம், கொள்ளு ரசம் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். சாதம் குழையவில்லை, பூண்டு முழுசு முழுசாகக் கிடக்கிறது, எங்கள் அம்மாயி பக்குவம். மோர் மட்டும் வெறும் தண்ணி.

பொருளாதாரம் படித்த கெட்ட பழக்கம், தட்டைப் பார்த்ததும் வறுமைக்கோடு ஞாபகம் வந்துவிட்டது. 1979இல் மத்திய திட்டக்குழு அமைத்த குழு ஆளுக்கு நாளைக்குக் கிராமத்தில் 2400, நகரத்தில் 2100 கலோரி என்று வைத்தது; அந்த அளவு சாப்பிடுகிறவர்கள் மொத்தமாக என்ன செலவழிக்கிறார்களோ அதுதான் கோடு. அப்புறம் பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கலோரிப் பிடியை விட்டு, படிப்பு, வைத்தியச் செலவையும் சேர்த்துப் பார்த்தது. அப்படியும் 2011-12க்கு நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 33 ரூபாய்தான் வந்தது. 2014இல் ரங்கராஜன் குழு புரதம், கொழுப்புக்கும் கணக்கு வைத்து அதை 47 ஆக்கியது.

சரி, விலைவாசிக்காக அந்த 47ஐ இரட்டித்தாலும் 94. இங்கே இரண்டு வேளை சாப்பிட்டாலே 100. வீட்டில் பொங்கித் தின்றால் குறையுமே என்பீர்கள், நியாயம்தான், ஆனால் லைன் வீட்டில் ஒரே அறைக்குள் ஆறு பேர் படுத்துக்கொண்டு, ஸ்டவ் வைக்க ஓனர் விடாத பையன்கள்தான் இங்கே பாதிக்கூட்டம்.

கல்லாவில் இருந்த அக்காவிடம், "ஏனுங்க்கா, ஒரு ஆளுக்கு நாளைக்கு எவ்வளவு இருந்தாப் போதும்?" என்றேன். பற்று நோட்டைத் தட்டிக் காட்டினார். "சனிக்கிழமை சம்பளம் வாங்கி எம்பட பாக்கியக் குடுத்துட்டு, ஊருக்கும் அனுப்பிட்டு, திங்கக்கிழமை கடன் சொல்லாம எவன் வர்றானோ அவன் தேவலைங்க தம்பி."

குழுக்கள் எண்ணியதெல்லாம் செலவை. கடனுக்குச் சாப்பிட்டாலும் வீட்டுச் செலவைக் கணக்கெடுக்கிற சர்வேயில் அது செலவுதான், அந்த ஆளும் கோட்டுக்கு மேலே ஏறிவிடுவான். அக்கா நோட்டில் மட்டும் அவன் கீழேயே நிற்கிறான்.

ஞாயிறு லீவு. கொள்ளு ரசம் வேண்டுமென்றால் 1 மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சாம்பார்தான்.