சைரனா, பேஜரா?

ஆஸ்திரியாவின் சிற்றூர்களில் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். தச்சர், பால்பண்ணைக்காரர், ஆசிரியர் என்று ஆளுக்கொரு வேலை. அவர்களை அழைக்கும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம்.

கூரை மேல் சைரன் 15 நொடி ஒலிக்கும், 7 நொடி அடங்கும். இப்படி மூன்று முறை கேட்டால் தீயணைப்பு அழைப்பு. சனிக்கிழமை நண்பகலில் ஒரே ஒரு 15 நொடி என்றால் வெறும் சோதனை. குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

இடுப்பில் செருகும் பேஜர் வேறு மாதிரி. எங்கே, என்ன விபத்து என்று திரையில் காட்டிவிடும். சாலையில் எண்ணெய் கொட்டியதற்காக நள்ளிரவில் ஊரையே எழுப்ப வேண்டாம். ஆனால் பேட்டரி தீர்ந்தால் அது பேசாது.

சைரனால் விவரம் சொல்ல முடியாது. இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்தித் தூங்குபவருக்கு அது கேட்காமலும் போகலாம். சரி, அப்புறம் ஏன் அதை வைத்திருக்கிறார்கள்? அது ஊருக்கே சொல்கிறது. நிலையத்துக்கு விரையும் காருக்கு மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். எல்லாவற்றையும் பாதியில் விட்டு ஓடிய வீரரின் பிள்ளையைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். பேஜரில் இது நடக்காது. என்னைக் கேட்டால், சிறிய வேலைக்குப் பேஜர் மட்டும் போதும். வீடு பற்றி எரியும்போது சைரனும் சேர்ந்து அலறட்டும்.