ஆச்சரியக்குறியா, @ குறியா?

கோவையிலிருந்து கரூருக்குப் போகும் கடித உறையில் ‘சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், அப்புறம் கரூர்’ என்று யாராவது எழுதுவார்களா? 1980களில் யூயூசிபி (கணினிகள் போன் லைனில் ஒன்றையொன்று கூப்பிட்டுத் தகவலைக் கைமாற்றும் முறை) வலையமைப்பில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு கணினியின் பெயர், நடுநடுவே ஆச்சரியக்குறி, கடைசியில் ஆளின் பெயர். இதற்கு ‘பேங் பாத்’ என்று பெயர்; ‘பேங்’ என்றால் ஆச்சரியக்குறி, ‘பாத்’ என்றால் பாதை.

இதில் பெரிய தொல்லை, எழுதுபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பாதை மாறும் என்பதுதான். ஒரே ஆளுக்கு ஆயிரம் முகவரி. அதனால் பெல் ஆய்வகத்தின் ஐஎச்என்பி4 மாதிரி எல்லோரும் அறிந்த கணினியிலிருந்து தொடங்கும் பாதையை மட்டும் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டார்கள். அதுவரை வந்து சேருவது உங்கள் பாடு. பெல்லோவினும் ஹனிமேனும் உருவாக்கிய ‘பாத்அலையஸ்’ நிரல் நல்ல பாதையைக் கணக்கிட்டுத் தந்ததால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

@ குறியை ரே டாம்லின்சன் 1971இலேயே இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அதன் முழு பலம் தெரிந்தது 1983இல் டிஎன்எஸ்ஸும் (இணையப் பெயர்களுக்கான விவரம் தரும் அமைப்பு) 1986இல் எம்எக்ஸ் பதிவும் (ஒரு பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று அதில் சொல்லும் குறிப்பு) வந்த பிறகுதான். முகவரி ‘யாருக்கு’ என்பதோடு நின்றுகொள்ளும். எந்த சர்வரில் ஒப்படைப்பது என்பதை அனுப்பும் சர்வரே டிஎன்எஸ்ஸில் கேட்டுக்கொள்ளும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று மெயில் சேவையை மாற்றினால் எம்எக்ஸ் பதிவைத் திருத்தினால் போதும். ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு விஷயமே தெரியாது. எம்எக்ஸ் பதிவில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எண் இருக்கும்; ஒரு சர்வர் படுத்தால் அடுத்த எண்ணுள்ள சர்வருக்குப் போகும். சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு.

இரண்டையும் கலந்தால்தான் கூத்து. அ!ஆ@இ என்ற முகவரியை யூயூசிபி கணினி முதலில் ‘அ’வுக்கு அனுப்பும், ஆர்ப்பாநெட் கணினி ‘இ’க்கு அனுப்பும்.

என் ஓட்டு @ குறிக்குத்தான். ஆனாலும் பேங் பாத்துக்கு ஒரு கெத்து இருந்தது. மோடம், போன் லைன், ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கும் பக்கத்துக் கணினி, இவ்வளவுதான் தேவை. யாரிடமும் பெயர் பதிய வேண்டாம், வருஷா வருஷம் பணம் கட்டவும் வேண்டாம். இன்றைக்கு @ குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் கம்பெனி மெயில் மொத்தமும் நின்றுபோகும். வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரிலேயே டொமைனை விட்டுவைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கம்பெனி பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்க.