சன்சத் சைட்ல வர்ற கமிட்டி ரிப்போர்ட் - ஒரு வருஷம் படிச்சதுக்கு அப்புறம் என் ரிவ்யூ

எங்க அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. 2025 ஆரம்பத்துல மூணு மாசக் கூலி வராம நின்னுபோச்சு. பஞ்சாயத்துல கேட்டா பேங்க்ல கேளுங்கன்னாங்க, பேங்க்ல கேட்டா மேலேருந்து இன்னும் வரலம்மான்னாங்க, அந்த 'மேல'ங்கிறது யாரு, அங்க யாராவது இதைக் கேக்கறாங்களான்னு தேடித்தான் நாடாளுமன்றத்தோட சன்சத் சைட்டுக்குள்ள முதல் தடவையா போனேன். தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,056 கோடி கூலி பாக்கின்னு முதல்வர் அந்த ஜனவரியில பிரதமருக்கு லெட்டர் எழுதுன சமயம் அது.

லாக்-இன் கிடையாது, காசு கிடையாது. மக்களவை பக்கம் போய் கமிட்டிங்கிறதைத் தொட்டா ஊரக வளர்ச்சி, நிதி, தொழிலாளர்னு வரிசையா வரும், ரெண்டு சபைக்கும் சேத்து துறைவாரியா மொத்தம் 24 நிலைக்குழு, ஒவ்வொண்ணுலயும் 31 எம்.பி. பட்ஜெட் போட்டதும் ஒவ்வொரு துறையும் கேக்கற பணத்தை உக்காந்து வரிவரியா பாக்கறது இவங்கதான். சபையில இதெல்லாம் பேசுவாங்கன்னு நான் நினைச்சிட்டிருந்தேன், ஆனா 2018லயும் 2023லயும் மக்களவையில ஒரு துறையோட மானியக் கோரிக்கை (அதாவது அந்தத் துறை கேக்கற பணம்) மேலயும் விவாதமே நடக்காம எல்லாத்தையும் மொத்தமா நிறைவேத்திட்டாங்க. அந்த மாதிரி வருஷத்துல பணக்கணக்கை எம்.பி.ங்க உருப்படியா கேள்வி கேட்ட இடம்னா இந்த ரிப்போர்ட்தான், அதனாலதான் இதைப் படிக்கச் சொல்றேன்.

படிக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. முதல் ரிப்போர்ட்டை விட, அதுக்கு அப்புறம் வர்ற ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட்டை எடுங்க. கமிட்டி சொன்னதுக்கு அரசு மூணு மாசத்துல பதில் தரணும், அந்த பதிலை வச்சு மறுபடி ஒரு ரிப்போர்ட் போடுவாங்க, அஞ்சு அத்தியாயம். ரெண்டாவதுல அரசு ஒத்துக்கிட்டது, மூணாவதுல கமிட்டி சரி விட்டுருவோம்னு விட்டது, நாலாவதுல அரசு சொன்ன பதிலை கமிட்டி ஏத்துக்காதது, அஞ்சாவதுல முழு பதில் இன்னும் வராதது. நான் எப்பவும் நேரா நாலாவதுக்குப் போயிடுவேன். மேல பரிந்துரை, கீழ அரசோட பதில், அதுக்கு கமிட்டி என்ன சொல்லுதுன்னு முதல் அத்தியாயத்துல எந்தப் பாராவுல பாக்கணும்னு நம்பரும் போட்டிருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா யாரு எங்க நழுவறாங்கன்னு பளிச்சுன்னு தெரியும்.

ஊரக வளர்ச்சிக் கமிட்டி, சப்தகிரி உலகா தலைமையில, 2025ல நூறு நாளை 150 நாளாக்குங்க, கூலியைக் குறைஞ்சது 400 ரூபாயாக்குங்கன்னு எழுதியிருந்தாங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுக் கூலி 336. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "எந்த மாசத்துலேருந்து?"ன்னு கேட்டாங்க. இது பரிந்துரைதான்மா, அரசு கேட்டே ஆகணும்னு சட்டம் இல்லன்னு சொன்னேன், அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்கல.

ஆனா கமிட்டி சொல்லி ஒண்ணுமே மாறாதுன்னு நினைச்சுடாதீங்க. நான் வேலை பாக்கறது ஒரு டேக்ஸ் ஆபீஸ்ல. 2025 பிப்ரவரியில புது வருமான வரி மசோதா வந்தப்ப அதுல 263வது பிரிவுல ஒரு நிபந்தனை இருந்துச்சு, ரீஃபண்ட் வேணும்னா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருக்கணும்னு. எங்ககிட்ட வர்றவங்கள்ல டிரைவருங்க, சின்ன கான்ட்ராக்ட்காரங்க நிறைய, வருமானம் வரிக்கே வராது, ஆனா காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே டிடிஎஸ்னு வரி பிடிச்சிருப்பாங்க, ஆகஸ்ட்லயோ அக்டோபர்லயோதான் பேப்பரோட வருவாங்க. அந்த நிபந்தனை அப்படியே சட்டமாயிருந்தா அவங்க பணம் போனது போனதுதான். பைஜயந்த் பாண்டா தலைமையில இந்த மசோதாவுக்குன்னே போட்ட 31 பேர் செலக்ட் கமிட்டி அஞ்சு மாசம் பாத்து 285 பரிந்துரை குடுத்துச்சு, அதுல இதை எடுத்துடுங்கன்னும் இருந்துச்சு, அரசும் பழைய மசோதாவை வாபஸ் வாங்கி ஆகஸ்ட் 11ஆம் தேதி திருத்தி கொண்டு வந்தப்ப அந்த நிபந்தனை இல்ல. எங்க ஆபீஸ்ல அன்னைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். மக்களவையில அன்னைக்கே விவாதம் இல்லாம நிறைவேத்திட்டாங்க, அதனால அந்த நிபந்தனையைப் பிடிச்சு நிறுத்துன இடம் கமிட்டி ரூம் மட்டும்தான்.

எனக்கு ஆத்திரம் வர்றது இங்கதான். வரிச் சட்டத்துக்கு அஞ்சு மாசம் கொடுத்தவங்க, அதே 2025 டிசம்பர்ல நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு பதிலா புதுச் சட்டம் கொண்டு வந்தப்ப ஒரு கமிட்டிக்கும் அனுப்பல. 16ஆம் தேதி தாக்கல், 18ஆம் தேதி மக்களவையில பாஸ், அன்னைக்கு ராத்திரியே மாநிலங்களவை. 125 நாள்னு ஏத்துனது நல்லதுதான், ஆனா செலவுல 40 சதவீதம் மாநிலம் போடணும், விவசாய சீசன்ல 60 நாள் வரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கலாம்னு இருக்கு, அந்த நாள்ல அம்மா மாதிரி ஆளுங்களுக்கு வேற வேலை கிடைக்குதான்னு ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேக்க கமிட்டியிலதான் முடியும். 15வது மக்களவையில 71 சதவீத மசோதா கமிட்டிக்குப் போச்சு, 17வதுல 16 சதவீதம்தான்.

குறைன்னா ரெண்டு. ரிப்போர்ட் இங்கிலீஷ்லயும் ஹிந்தியிலயும்தான், தமிழ் இல்ல, அம்மாவுக்காக நான் பிரிண்ட் எடுத்து ஓரத்துல பென்சில்ல தமிழ்ல எழுதி வைக்கறேன். இன்னொண்ணு, கமிட்டி கூட்டத்தை சன்சத் டிவியில காட்டறதில்ல, கதவைச் சாத்திட்டுதான் நடக்கும், பிரிட்டன்ல பெரும்பாலான கமிட்டி விசாரணை லைவ்வா வருது. ரிப்போர்ட்டோட தரத்துக்கு 5க்கு 4.5 தருவேன், சாதாரண ஜனங்க கைக்கு வந்து சேர்ற விதத்துக்கு 2.

அரசோட கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட ரிப்போர்ட்டை வச்சு கேள்வி கேக்கற பொதுக் கணக்குக் குழுவோட ரிப்போர்ட்டும் அதே சைட்லதான் இருக்கு, 22 பேர், 1967லேருந்து எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். அதுலயும் ஆக்‌ஷன் டேக்கன் ரிப்போர்ட்டை எடுத்து நாலாவது அத்தியாயத்துலேருந்தே ஆரம்பிங்க, பெரிய ஃபைல்னா போன்ல கஷ்டம், டவுன்லோட் பண்ணி கம்ப்யூட்டர்ல படிங்க.