எம்.சி.வி. 67: அம்மாவின் ரத்தப் பரிசோதனை

இந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு முழு ரத்தப் பரிசோதனைக்கு ஆன்லைனில் பதிவு செய்தேன். வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. காலையில் வீட்டுக்கே ஆள் வந்து, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தார். குலுக்கினால் அணுக்கள் உடைந்துவிடும். வெகுநேரம் கிடந்தாலும் அணுக்கள் உப்பி அளவு கூடிவிடும் என்பதால் உடனே கிளம்பியும் விட்டார். சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

அதற்கு அப்புறம்தான் சிக்கல். ‘எம்.சி.வி. 67’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. போன் செய்து கேட்டால், "ரத்தம் கம்மிங்க, இரும்புச்சத்து மாத்திரை போடச் சொல்லுங்க" என்றார்கள். மாத்திரை வரைக்கும் சொன்னவர்கள், எம்.சி.வி. என்பது எதன் அளவு என்று சொல்லவில்லை.

எம்.சி.வி. என்பது சிவப்பணுக்களின் சராசரி கன அளவு. பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. குறைந்திருந்தால் முதலில் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிப்பார்கள். கூடியிருந்தால் பி12, ஃபோலேட், மது, கல்லீரல், தைராய்டு என்று வேறு பக்கம் தேடுவார்கள். சராசரிதானே, ஏமாற்றவும் செய்யும். இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் சின்னதும் பெரியதும் கலந்து 90 என்று சமர்த்தாகக் காட்டும். அணுக்களின் அளவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ.தான் அப்போது காட்டிக்கொடுக்கும்.

மாத்திரை வாங்காமல் மருத்துவரிடம் போனோம். அவர் 67-ஐ விட்டுவிட்டுச் சிவப்பணு எண்ணிக்கையைப் பார்த்தார்: 5.6 மில்லியன். "இரும்பு கம்மின்னா எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும்மா. உங்களுக்கு அணு சின்னது, ஆனா நிறைய இருக்கு" என்றார். 67-ஐ 5.6-ஆல் வகுத்தால் 12. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் கோளாறு, அதன் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது குறிப்புதான், முடிவல்ல. அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஹீமோகுளோபின் ஏ2-உம் பார்க்க எழுதிக்கொடுத்தார்.

ஃபெரிட்டின் இயல்பு. ஏ2 5.1 சதவீதம், 3.5-ஐத் தாண்டினாலே தலசீமியாவில் ஒரு வகையான பீட்டா தலசீமியா பக்கம் சந்தேகம் போகும். அம்மா அந்த மரபணுவைச் சுமப்பவர்; அவருக்கு இது நோயல்ல, பிறவியிலேயே உள்ள தன்மை. இரும்பு மாத்திரை எதையும் மாற்றியிருக்காது. ஆனால் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கணவன், மனைவி இருவருக்கும் இருந்தால் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு. தங்கைக்கு அங்கேயே ஏ2 பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய பழைய ரிப்போர்ட்டுகளிலும் எம்.சி.வி. 70-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. திரும்பியதும் நானும் பார்க்க வேண்டும்.